சிவப்பு விளக்கு அணைந்தால் போதுமா?

(பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் ஓட்டுநர்களும் விவசாயிகளும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில் டீக்கடை ஓரம் ஒரு வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் கடைக்குள் இருக்கிறார், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு டீ சொல்லிவிட்டு, "ஏன் தம்பி, வண்டியை ஆஃப் பண்ணலையா?" என்று கேட்டேன். "பேட்டரி கொஞ்சம் வீக்கு சார். ஓடிட்டே இருந்தா சார்ஜ் ஏறிக்கும். பாருங்க, லைட்கூட எரியல" என்றார். டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கைத்தான் சொன்னார். நல்ல பிள்ளை, கவனமான ஓட்டுநர். டீ குடித்து முடித்தபோது ஹெட்லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது, உள்ளே ஏசி ஃபேனும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய பேட்டரிக்குள் ஏறியதா, இறங்கியதா? இன்று பேச வேண்டியது அதைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். அந்தச் சிறு பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரிக்குப் போகிறது. மறுமுனை, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. என்ஜின் ஓடாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஆகவே கரண்ட் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டர் வேலை தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே வோல்ட்டேஜுக்கு வந்துவிடும். தராசின் இரு தட்டும் சமமாகிவிட்டன, பல்பு அணைந்துவிடுகிறது. அவ்வளவுதான் அதன் சாட்சி. இரண்டு தட்டும் 14 வோல்ட்டில் சமமாக இருந்தாலும் அணையும், 12.3 வோல்ட்டில் சமமாக இருந்தாலும் அணையும். முதல் நிலையில் பேட்டரி வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது நிலையில் பேட்டரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. விளக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இதே விளக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்ததுதான். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் காந்தம் உயிர்பெறுவதற்கான முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போன வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாது. ஆக்ஸிலேட்டரை ஒரு முறை நன்றாக மிதித்தால், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடும். மிதிக்காமல் அப்படியே நின்றால் மணிக்கணக்கில் ஓடினாலும் ஏறாது. விளக்கும் எரியாது, ஏனென்றால் பல்பே இல்லை. சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், அது எரிகிறதா என்று பாருங்கள்.

இனி ஆல்டர்னேட்டருக்குள் போவோம். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது எளிய உண்மை: கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். ஆல்டர்னேட்டரில் நடுவே சுழலும் ரோட்டர்தான் காந்தம். அதற்கு கார்பன் பிரஷ் வழியாக நாலைந்து ஆம்பியர் ஊட்டினால் போதும். சுற்றிலும் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் பெரிய கரண்ட் பிறக்கிறது. அது திசை மாறி மாறி வரும் கரண்ட். டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகின்றன. எவ்வளவு பிறக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று காந்தத்தின் பலம், மற்றொன்று சுழலும் வேகம். காந்தத்தின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது ரெகுலேட்டர். வேகம் என்ஜின் கையில்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் கவலை ஏற்றம் பார்த்திருப்பீர்கள். மோட்டார் பம்பு வருவதற்கு முன் மாட்டைப் பூட்டித் தோல் பறியில் நீர் இறைத்த காலம். பறியின் அளவு ஒன்றுதான். மாடு விரைந்து நடந்தால் வாய்க்கால் நிறையும், சோர்ந்து நடந்தால் நாற்றங்காலுக்கே பற்றாது. பறியைக் கழுத்துவரை நிரப்பிவிட்ட பிறகு அதற்கு மேல் நிரப்ப வழியில்லை. ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். என்ஜின் மெதுவாக ஓடும்போது ரெகுலேட்டர் காந்தத்தை முழு பலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு மேல் அந்த இரும்பில் காந்தம் ஏறாது. பிறகு மாடு நடக்கும் வேகம்தான் கணக்கு.

காரின் என்ஜின் ஸ்லோ ஸ்பீடில் நிமிடத்துக்கு 750, 800 சுற்று ஓடும். பெல்ட்டின் பெரிய சக்கரமும் சின்ன சக்கரமும் சேர்ந்து ஆல்டர்னேட்டரை அதைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வேகத்தில், ஏறக்குறைய 2,000 சுற்றில் ஓட்டும். 70 ஆம்பியர் என்று எழுதப்பட்ட ஆல்டர்னேட்டர் அந்த வேகத்தில் பாதியளவே தரும். சூடேறிய பிறகு 30 ஆம்பியர் வந்தால் நல்லது. எழுதியிருக்கும் 70 என்பது வண்டி சாலையில் ஓடும்போது கிடைப்பது, டீக்கடை ஓரத்தில் கிடைப்பதல்ல.

இப்போது அந்த வேனுக்கு வருகிறேன். என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ளவே, எரிபொருள் பம்பு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். ஹெட்லைட், பின்விளக்குகள் 10க்கு மேல். ஏசி ஃபேனுக்கு 10. நிற்கும் வண்டிக்குக் காற்று கிடையாது, ஆகவே ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி சுழலும், அதற்கு 12, 15. கூட்டிப் பாருங்கள்: 40ஐத் தாண்டுகிறது. வரவு 30, செலவு 40க்கு மேல். மீதி எங்கிருந்து வருகிறது? அந்த வீக்கான பேட்டரியிலிருந்துதான். சிவப்பு விளக்கு அணைந்தே இருக்க, பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏசி கம்ப்ரஸரை ஓட்டுவது பேட்டரி அல்ல, பெல்ட்தான். மின்சாரத்தைத் தின்பவை அதன் ஃபேன்கள். இது தெரியாமல் பலர் ஏசியைக் குறைத்துவிட்டு ஃபேனை நாலாம் நம்பரில் வைப்பதைப் பார்க்கிறேன்.

விளக்கு அணைந்தால் சார்ஜ் ஏறுகிறது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது, இது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்துச் சொத்து. அம்பாசடர் கார் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014வரை இந்தியாவில் உற்பத்தியானது. அதன் பழைய வண்டிகளில் இருந்தது டைனமோ. டைனமோவில் பெரிய கரண்ட் பிறக்கும் சுருளே சுழல வேண்டும். அந்தக் கரண்ட் முழுவதும் கம்யூடேட்டர், பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். கனமான ஆர்மேச்சரை மிக வேகமாகச் சுழற்றவும் முடியாது. வண்டி நின்றால் அதன் வோல்ட்டேஜ் பேட்டரியைவிடக் கீழே போய்விடும். பேட்டரியிலிருந்து கரண்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமலிருக்க கட்-அவுட் இணைப்பைத் துண்டித்துவிடும், சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அந்தக் காலத்து டிரைவர்கள் லெவல் கிராஸிங்கில் நின்றாலும் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வைத்திருந்தார்கள். விளக்கு அணையும்வரை மிதி என்பதுதான் அவர்கள் சீடர்களுக்குச் சொன்ன பாடம். டைனமோவுக்கு அது சரியான பாடம், ஏனென்றால் அங்கே விளக்கு எரிந்தால் வரவே இல்லை என்று பொருள்.

1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரையே வழக்கமான உறுப்பாகக் கொடுத்தது. சிலிக்கான் டயோடு மலிவானதால்தான் அது முடிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1961இல், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் நம் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ்ஸைத் தொடங்கின. சென்னை பாடியில் இருக்கும் அந்த ஆலையின் பெயரைப் பார்க்காமல் இங்குள்ள எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு செல்ஃப் மோட்டாரைக்கூடக் கழற்றியிருக்க முடியாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் ஆல்டர்னேட்டர் இருந்தது. சாதனம் மாறிவிட்டது, குரு சொன்ன பாடம் மட்டும் மாறவில்லை.

அந்தப் பழைய பாடங்களில் ஒன்றால் நான் ஒரு வண்டிக்குக் கேடு செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த வயது. டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் டெர்மினலைக் கழற்றுவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது. ஆல்டர்னேட்டர் வைத்த ஒரு வண்டியில் நானும் அதையே செய்தேன். பேட்டரி என்பது வெறும் சேமிப்புப் பெட்டி அல்ல. ஏறும் வோல்ட்டேஜைத் தாங்கிக்கொள்ளும் அணையும் அதுதான். அந்த அணையை நான் திடீரென்று எடுத்துவிட்டேன். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறியது, டயோடுகள் போய்விட்டன. வண்டிக்காரர் அன்று சரக்கு ஏற்ற முடியாமல் நின்றார். அவர் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இன்றைய வண்டியில் அதே தவற்றைச் செய்தால் டயோடோடு கம்ப்யூட்டரும் போகலாம். இங்கே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டாம்.

நம் பகுதிக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு நெருக்கமானது என்றால், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வாளையாரை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள் கணக்கில். முன்னால் இருக்கும் லாரி பத்தடி நகரும், பின்னால் இருப்பதும் நகர வேண்டும். ராத்திரி முழுவதும் ஓட்டுநருக்குத் தூக்கமில்லை. உள்ளே சின்ன ஃபேன், பாட்டு, பார்க்கிங் விளக்கு. காலையில் வரிசை நகரும்போது சில லாரிகள் செல்ஃப் எடுக்காது. "தள்ளுங்கண்ணா" என்று குரல் எழும். அங்கே போய்ப் பலமுறை கேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பத்தடி நகர்வதற்காக அடிக்கடி ஸ்டார்ட் செய்ததால் பேட்டரி போய்விட்டது என்றுதான் ஓட்டுநர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது பெரிய குற்றவாளி அல்ல. லாரி செல்ஃப் 400 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று நொடிதான். ஒரு ஸ்டார்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர்-அவர். இரவில் இருபது தடவை எடுத்தாலும் ஏழு. 100 ஆம்பியர்-அவருக்கு மேல் உள்ள பேட்டரிக்கு அது தாங்கக்கூடியது. விளக்கும் ஃபேனும் பாட்டும் பத்து மணிநேரம் மூன்று நான்கு ஆம்பியர் எடுத்தால் முப்பது, நாற்பது போய்விடும். அதைவிடக் கொடுமையான ஒன்றைப் பல லாரிகளில் பார்த்தேன். லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட் டேப் ரெக்கார்டரையும் ஃபேனையும் போட, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து கம்பி இழுத்திருப்பார்கள். அந்த ஒன்று மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த கணக்குதான் தெரியும். நிரம்பிய பேட்டரி மேலும் மேலும் சார்ஜ் ஆகிக் கொதிக்கும், இறங்கிய பேட்டரி என்றைக்கும் நிரம்பாது. ஆறு மாதத்தில் இரண்டும் போய்விடும். 24இலிருந்து 12ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான்.

சிலர் அந்த வரிசையில் பயந்துபோய் என்ஜினை இரவு முழுவதும் ஓடவிட்டார்கள். பெரிய டீசல் என்ஜின் சும்மா நின்றால் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் குடிக்கும். பத்து மணிநேரத்தில் இருபது லிட்டருக்கு மேல் புகையாகப் போயிற்று. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்கள் அடுத்த லாரிக்காரர்களும், சாலையோரக் கடைக்காரர்களும், வாளையார் மக்களும்தான். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில், கேரளத்துக்குள் நுழையும் பாஸ் இல்லாமல் வந்த குடும்பங்கள் அதே வாளையாரில் வெயிலில் காத்துக் கிடந்தபோதும் கார்களுக்குள் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைக்காக ஏசி போடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பேட்டரிக்காக என்ஜினை ஓடவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காரின் கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிடுவோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டீர்கள், விளக்கு இல்லை, ஃபேன் இல்லை. ஸ்லோ ஸ்பீடில் பேட்டரிக்கு மிஞ்சுவது 20 ஆம்பியர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் அது 280 வாட். ஒரு மணிநேரத்தில் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். அதற்கு எரிந்த பெட்ரோல் முக்கால் லிட்டர் அளவு. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் 70 ரூபாய்க்குக் குறையாது. அதே கால் யூனிட்டை வீட்டுப் பிளக்கில் சார்ஜர் மாட்டி ஏற்றினால் ஒன்றிரண்டு ரூபாயோடு முடிந்துவிடும்.

பணம்கூடப் பெரிதில்லை, அந்த ஒரு மணிநேரத்தில் பேட்டரி நிரம்பாது என்பதுதான் முக்கியம். பார்க்கிங் விளக்கை அணைக்க மறந்து ஒரு ராத்திரி விட்டால் 20 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல். அதைத் திரும்ப நிரப்பும்போது பேட்டரி முதலில் ஆவலாக வாங்கும். பசித்தவன் முதல் பிடிச் சோற்றை உண்பதுபோல. முக்கால் வயிறு நிறைந்ததும் மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குப் பல மணிநேரம் ஆகும். காரை நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் ஓட்டினாலும் முழுதாக நிரம்பாது. அரைகுறையாகவே விட்டுவிட்டால் ஈயத் தகட்டின்மேல் சல்பேட் படிந்து இறுகும். இறுகியது திரும்பக் கரையாது. எலப்புள்ளியிலிருந்து பாலக்காடு டவுனுக்குப் போய் வருவது மட்டுமே ஓட்டமாக உள்ள வண்டிகளின் பேட்டரி சீக்கிரம் போவதற்கு இதுவே காரணம். மாதம் ஒரு முறை ஒரு ராத்திரி சார்ஜர் போடுங்கள்.

அடுத்து வெயில். கேரளத்தில் அதிகம் சுடும் மாவட்டம் நம்முடையது, 40 டிகிரி நமக்குப் புதிதல்ல. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. பத்து டிகிரி கூடினால் அந்த வேலையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தேய்மானமும் அப்படியே. நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லாமல் ஆல்டர்னேட்டரும் வேகும், பேட்டரியும் வேகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுகூட மூடிய பானெட்டுக்குள் நுழையாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி வைத்திருப்பவர்கள் மார்ச்சிலிருந்து மே வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளவு பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும்.

"அணைத்துவிட்டால் மறுபடி செல்ஃப் எடுக்கும்போது பேட்டரி போய்விடுமே" என்ற பயம்தான் சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் நம் கையைச் சாவியிடம் போகவிடாமல் தடுக்கிறது. காரின் செல்ஃப் 150லிருந்து 200 ஆம்பியர் இழுக்கும், இரண்டு மூன்று நொடி. அதிகம் போனாலும் ஆறில் ஒரு பங்கு ஆம்பியர்-அவர்தான். கிளம்பிய ஓரிரு நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். டில்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் என்ஜினை அணைக்கச் சொல்லி அரசே பிரசாரம் செய்தது. நல்ல பேட்டரி உள்ள வண்டிக்கு அதில் ஒரு ஆபத்தும் இல்லை. அணைத்தால் எடுக்காது என்ற நிலையில் ஒரு பேட்டரி இருந்தால், அது என்ஜினை ஓடவிட வேண்டிய பேட்டரி அல்ல, கழற்றிச் சோதிக்க வேண்டிய பேட்டரி.

மூடிய ஷெட்டுக்குள் பேட்டரி சார்ஜுக்காக என்ஜினை ஓடவிடும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. தலை கனக்கிறதே என்று யோசிப்பதற்குள் ஆள் மயங்கிவிடலாம். இதில் நான் யாரிடமும் சமரசம் பேச மாட்டேன்.

நேரம் ஆகிவிட்டது, பேசியது போதும். வெளியே ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். என் கையில் இருப்பது சாதாரண மல்டிமீட்டர், எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லோரும் வாருங்கள். முதலில் என்ஜின் ஓடாமல் பேட்டரி டெர்மினலில் அளப்போம். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. பிறகு ஸ்டார்ட் செய்து ஸ்லோ ஸ்பீடில் ஒன்றையும் போடாமல் அளப்போம், 13.8க்கும் 14.4க்கும் நடுவே நிற்க வேண்டும். அடுத்து ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போடுவோம். முள் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள், சிவப்பு விளக்கையும் பாருங்கள். கடைசியாக ஆக்ஸிலேட்டரை 1,500 சுற்றுக்குக் கொண்டுபோய் மறுபடி அளப்போம். 2020க்குப் பிறகு வாங்கிய பிஎஸ்6 வண்டிக்காரர்கள் தங்கள் வண்டியில் 12.8 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றில் பலவற்றின் கம்ப்யூட்டர், எரிபொருளைச் சேமிக்க வேண்டுமென்றே சார்ஜைக் குறைத்து வைக்கும். அந்த வண்டிகளைத் தனியாக நிறுத்தி அளந்து காட்டுகிறேன். டீக்கடை ஓரம் நின்ற அந்தத் தம்பியும் வேனோடு வந்திருக்கிறார், அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜீப் முடிந்ததும் முதலில் அவருடைய வேனின் பெல்ட்டையும் டெர்மினலையும் பார்ப்போம், வாருங்கள்.